ஆப்பிள் பெட்டியில் வந்த வரலாறு: தென்னாப்பிரிக்க விடுதலைப் போராட்ட ஆவணங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் நிறவெறி எதிர்ப்புப் போராட்டம் பற்றிய காகிதங்கள், ஒலிப்பதிவுகள், படங்கள், சிறைக்கூடங்கள் எல்லாம் இன்று எங்கே இருக்கின்றன? யார் பார்த்துக்கொள்கிறார்கள்? நம்மால் பார்க்க முடியுமா? மாணவர்கள், கேப் டவுன் பக்கம் போகிறவர்கள், நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போன முன்னோரைத் தேடும் குடும்பங்கள் எனப் பலரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்ல முயன்றிருக்கிறேன். சில பதில்கள் நீளம். அந்த இடங்களில் சொல்ல நிறைய இருக்கிறது.

போராட்டம் 1994-லேயே வென்றுவிட்டதே, இன்னும் இத்தனை காப்பகங்கள் எதற்கு?

தோற்ற தரப்பு போகும்போது காகிதங்களை எரித்துவிட்டுப் போனது என்பதே முதல் காரணம்.

1990 பிப்ரவரியில் நெல்சன் மண்டேலா விடுதலை ஆனார். 1994 ஏப்ரலில் எல்லோரும் வாக்களித்த முதல் தேர்தல் நடந்தது. இடையில் இருந்த நான்கு ஆண்டுகளில் பாதுகாப்புத் துறையும் உளவுத் துறையும் தங்கள் கோப்புகளை மூட்டை மூட்டையாக அழித்தன. தேசிய உளவுத் துறையின் தலைமையகத்திலிருந்து மட்டும் 1993-ல் சுமார் 44 டன் காகிதமும் மைக்ரோஃபிலிமும் அழிக்கப்பட்டதாக நிறவெறிக் காலக் கொடுமைகளை விசாரிக்கப் பிறகு அமைத்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் தன் அறிக்கையில் பதிவு செய்திருக்கிறது. பிரிட்டோரியாவில் இருந்த எஃகு ஆலையின் உலையே இதற்குப் பயன்பட்டது. அன்று அரசு ஆவணக் காப்பகத்தில் வேலை பார்த்த வெர்ன் ஹாரிஸ் போன்றவர்கள் இந்த அழிப்பைத் தடுக்கப் போராடினார்கள். கொஞ்சம்தான் காப்பாற்ற முடிந்தது.

ஒருவரை எந்த இரவில் கூட்டிப்போனார்கள், எந்த அறையில் வைத்திருந்தார்கள், யார் உத்தரவு போட்டது என்பதெல்லாம் அந்த 44 டன்னுக்குள் இருந்திருக்கும். மகனைத் தேடிக்கொண்டே செத்துப்போன தாய்மார்களுக்கு இனி யார் பதில் சொல்வது? அதனால்தான் மறுபக்கத்தில் போராட்டக்காரர்கள் சேர்த்துவைத்த துண்டுக் காகிதத்துக்குக்கூட இவ்வளவு மதிப்பு.

அருங்காட்சியகம், ஆவணக் காப்பகம் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. அருங்காட்சியகம் தேர்ந்தெடுத்துக் காட்டும், காப்பகம் எல்லாவற்றையும் வைத்திருக்கும். ராபன் தீவுக்குப் போய் மண்டேலாவின் சிறை அறையைப் பார்ப்பது ஒன்று. அந்தச் சிறையில் எத்தனை கடிதங்கள் தணிக்கையானது என்று கோப்பைப் பிரித்துப் பார்ப்பது வேறு. முன்னதற்கு டிக்கெட் போதும், பின்னதற்கு முன்கூட்டியே எழுதி நேரம் வாங்க வேண்டும், பொறுமையும் வேண்டும்.

எல்லா ஆவணங்களும் ஒரே இடத்தில் இருக்கின்றனவா?

ஒரே இடத்தில் இல்லை, ஒரே நாட்டிலும் இல்லை. தடைசெய்யப்பட்ட இயக்கமான, மண்டேலாவின் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் (ஏ.என்.சி), முப்பது ஆண்டு பல நாடுகளில் அலைந்தது. அதன் காகிதங்களும் கூடவே அலைந்தன. முக்கியமான இடங்கள் இவை.

ஈஸ்டர்ன் கேப் மாநிலத்தில் அலிஸ் என்ற சிற்றூரில் ஃபோர்ட் ஹேர் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1916-ல் தொடங்கியது. மண்டேலா, ஏ.என்.சி தலைவர் ஆலிவர் தாம்போ, பான் ஆப்பிரிக்க காங்கிரஸைத் தொடங்கிய ராபர்ட் சொபுக்வே எல்லோரும் படித்த இடம். ஏ.என்.சி வெளிநாடுகளில் வைத்திருந்த அலுவலகங்களின் ஆவணங்கள் 1990-களில் இங்கே வந்து சேர்ந்தன. தான்சானியாவில் மொரோகோரோ பக்கம் மசிம்பு என்ற இடத்தில் இயக்கம் நடத்திய சாலமன் மஹ்லாங்கு விடுதலைக் கல்லூரியின் பதிவுகளும் இங்கேதான் இருக்கின்றன.

கேப் டவுனை அடுத்த பெல்வில்லில் வெஸ்டர்ன் கேப் பல்கலைக்கழகத்தில் மயிபுயே காப்பகம். ஜோகனஸ்பர்க்கில் விட்ஸ் பல்கலைக்கழகத்தின் வரலாற்று ஆவணப் பிரிவு, 1988-ல் தொடங்கிய தென்னாப்பிரிக்க வரலாற்றுக் காப்பகம், நெல்சன் மண்டேலா அறக்கட்டளை. டர்பனில் காந்தி–லுத்துலி ஆவண மையம். பிரிட்டோரியாவில் தேசிய ஆவணக் காப்பகம். கடல் கடந்தால், பிரிட்டனில் நடந்த நிறவெறி எதிர்ப்பு இயக்கத்தின் ஆவணங்கள் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில்.

ஆய்வு செய்ய நினைப்பவர்களுக்கு இது தலைவலிதான். ஆனால் ஒரே கட்டடத்தில் இருந்து, அது எரிந்துபோனால் என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும். 2021 ஏப்ரல் 18-ல் மேசை மலையில் பிடித்த காட்டுத் தீ இறங்கி வந்து கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் ஜாகர் வாசிப்பு அறையைச் சாம்பலாக்கியது. ஆப்பிரிக்க ஆய்வுப் புத்தகங்களும் படச்சுருள்களும் பெருமளவு அழிந்தன. நிலவறையில் இருந்தவை நெருப்புக்குத் தப்பின, ஆனால் தீயணைத்த தண்ணீரில் நனைந்தன. மாணவர்களும் ஊர்க்காரர்களும் வரிசையில் நின்று கைமாற்றிக் கைமாற்றிப் பெட்டிகளை வெளியே கொண்டுவந்தார்கள்.

தலைப்பில் சொன்ன ஆப்பிள் பெட்டிகள் என்ன?

எனக்கு மிகவும் பிடித்த தொகுப்பு இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ராபன் தீவில் 1960-களின் தொடக்கத்திலிருந்து 1991 வரை அரசியல் கைதிகள் அடைக்கப்பட்டிருந்தார்கள். பகலில் கல் உடைப்பு, சுண்ணாம்புக் குழியில் வேலை. அந்த நிலைமையில் கைதிகள் தங்களுக்குள் குழுக்கள் அமைத்து விளையாட்டு, பாட்டு, படிப்பு, சினிமா எல்லாவற்றையும் நடத்தினார்கள். கூட்டம் போட்டார்கள், கூட்டக் குறிப்பு எழுதினார்கள், புகார்க் கடிதம் எழுதினார்கள், அதற்கு எழுத்தில் பதிலும் வாங்கினார்கள். சிறையை விட்டுக் கிளம்பும்போது அந்தக் காகிதங்களை ஆப்பிள் வரும் அட்டைப்பெட்டிகளில் அடுக்கி எடுத்துவந்தார்கள். அதனால் மயிபுயே காப்பகத்திலும் அந்தத் தொகுப்புக்கு ஆப்பிள் பெட்டி ஆவணங்கள் என்றே பெயர்.

அதற்குள் ஒரு கால்பந்து சங்கத்தின் முழு வரலாறும் இருக்கிறது. விளையாட அனுமதி கேட்டுக் கேட்டு, கடைசியில் 1960-களின் நடுவில் வாங்கிவிட்டார்கள். மகானா கால்பந்துச் சங்கம் என்று பெயர் வைத்தார்கள். ஆங்கிலேயரை எதிர்த்ததால் 1819-ல் இதே தீவுக்கு அனுப்பப்பட்டு, தப்பும்போது கடலில் மூழ்கிய கோசா இன வீரரின் பெயர் அது. ஃபிஃபா விதிகளை வரிக்கு வரி பின்பற்றினார்கள். தரவரிசைப் பிரிவுகள், நடுவர் பயிற்சி, ஒழுங்கு நடவடிக்கை, மேல்முறையீடு எல்லாம் உண்டு. நடுவர் தீர்ப்பு தவறு என்று பக்கம் பக்கமாக வாதாடிய கடிதங்கள் இருக்கின்றன. வெளியே தங்களுக்கு எந்த நீதிமன்றத்திலும் நியாயம் கிடைக்காது என்று தெரிந்தவர்கள், உள்ளே ஒரு கோலுக்கு முறையான விசாரணை நடத்தினார்கள். நாட்டை ஆளப் பழகிக்கொண்டிருந்தார்கள் என்றுதான் அதைப் படிக்கும்போது எனக்குத் தோன்றுகிறது. 2007-ல் ஃபிஃபா அந்தச் சங்கத்தைக் கௌரவ உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. அந்தக் காகிதங்கள் குப்பைக்குப் போயிருந்தால் இது எதுவும் நமக்குத் தெரிந்திருக்காது.

மயிபுயே காப்பகம் எப்படி உருவானது?

லண்டனில் கேனன் ஜான் காலின்ஸ் என்ற பாதிரியார் தொடங்கிய பாதுகாப்பு மற்றும் உதவி நிதி என்ற அமைப்பிலிருந்து. 1956-ல் 156 பேர் மீது தேசத்துரோக வழக்குப் போட்டபோது அவர்களுக்கு வக்கீல் செலவுக்குப் பணம் திரட்டியதில் ஆரம்பித்த வேலை இது. 1966-ல் தென்னாப்பிரிக்க அரசு தடை போட்டது. அதற்கு அப்புறமும் இருபத்தைந்து ஆண்டு பணம் ரகசியமாகப் போய்க்கொண்டே இருந்தது. கைதியின் வீட்டுக்கு இங்கிலாந்தில் யாரோ ஒரு சாதாரண ஆள் நட்பாகக் கடிதம் எழுதுவார், அதோடு பணமும் போகும். மொத்தம் சுமார் 10 கோடி பவுண்டு இப்படிப் போயிருக்கிறது என்று கணக்குச் சொல்கிறார்கள்.

பணம் அனுப்பியதோடு அந்த அமைப்பு படங்களும் படச்சுருள்களும் வழக்கு விவரங்களும் சேர்த்துக்கொண்டே வந்தது. 1991-ல் அது தன் வேலையை முடித்துக்கொண்டபோது இவை எல்லாம் வெஸ்டர்ன் கேப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப்பட்டன. அங்கே மயிபுயே மையம் அமைந்தது. அதை நடத்திய ஆந்த்ரே ஒடென்டாலே பிறகு ராபன் தீவு அருங்காட்சியகத்துக்கும் முதல் இயக்குநர் ஆனார். இன்று பல்கலைக்கழகமும் தீவு அருங்காட்சியகமும் சேர்ந்து இந்தக் காப்பகத்தைப் பார்த்துக்கொள்கின்றன.

ராபன் தீவில் என்ன பார்க்கலாம்?

கேப் டவுன் துறைமுகத்தில் நெல்சன் மண்டேலா நுழைவாயிலிலிருந்து படகு கிளம்பும். போய்வர, சுற்றிப்பார்க்க எல்லாம் சேர்த்து மூன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். காற்று பலமாக இருந்தால் படகை நிறுத்திவிடுவார்கள். எனவே ஊரைவிட்டுக் கிளம்பும் நாளில் இதை வைத்துக்கொள்ள வேண்டாம்.

அருங்காட்சியகம் திறந்தது 1997 ஜனவரி 1-ல். 1999-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மண்டேலா 27 ஆண்டுச் சிறைவாசத்தில் 18 ஆண்டு இங்கே இருந்தார். அவர் எண் 466/64, அதாவது 1964-ல் வந்த 466-வது கைதி. அந்தச் சிறு அறையின் முன்னால் எல்லோரும் படம் எடுக்க முண்டியடிப்பார்கள். நீங்கள் சொபுக்வே தனியாக அடைக்கப்பட்டிருந்த வீட்டையும் சுண்ணாம்புக் குழியையும் விட்டுவிடாதீர்கள். தண்டனைக் காலம் முடிந்த பிறகும், அவருக்காகவே ஒரு சட்டப் பிரிவு போட்டு, 1963 முதல் 1969 வரை சொபுக்வேயை மற்றக் கைதிகளிடம் பேச விடாமல் வைத்திருந்தார்கள். சுண்ணாம்புக் குழியின் வாசலில் ஒரு கற்குவியல் இருக்கும். 1995-ல் முன்னாள் கைதிகள் ஒன்றுகூடியபோது ஆளுக்கொரு கல் வைத்துப் போன குவியல் அது.

சிறைக்குள் கூட்டிப்போய்க் காட்டும் வேலையை முன்னாள் அரசியல் கைதிகளே பல ஆண்டுகளாகச் செய்துவந்தார்கள். அவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. வாய்ப்பு இருப்பவர்கள் தள்ளிப்போடாமல் போய்க் கேட்டுவிடுவது நல்லது.

மண்டேலா சிறையில் எழுதிய காகிதங்கள் தப்பித்தது எப்படி?

1976-ல் அவர் ரகசியமாகத் தன் வரலாற்றை எழுதினார். இரவில் அவர் எழுதியதைச் சக கைதிகளான மேக் மகராஜும் லாலூ சிபாவும் பொடி எழுத்தில் படியெடுத்தார்கள். அந்த ஆண்டு இறுதியில் விடுதலையான மகராஜ் அந்தப் படியை வெளியே கடத்திவிட்டார். மூலப் பிரதியைக் கோகோ டப்பாக்களில் போட்டுச் சிறை முற்றத்துத் தோட்டத்தில் புதைத்தார்கள். 1977-ல் அங்கே சுவர் கட்டத் தோண்டியபோது மாட்டிக்கொண்டது. மண்டேலா, அவரோடு சிறையில் இருந்த ஏ.என்.சி தலைவர்கள் வால்டர் சிசுலு, அகமது கத்ராடா மூவருக்கும் படிக்கும் சலுகை நான்கு ஆண்டுக்குப் பறிபோனது.

சரி, பிடிபட்ட காகிதம் என்ன ஆயிற்று? சிறை நிர்வாகம் அதைக் கோப்பில் போட்டு வைத்தது. அதனாலேயே அதில் ஒரு பகுதி இன்று தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தணிக்கை அதிகாரிகள் கடிதங்களைத் தொலைத்துவிடுவார்கள் என்று தெரிந்ததால் மண்டேலா தான் எழுதும் கடிதங்களுக்கு நோட்டுப் புத்தகத்தில் படி வைத்துக்கொண்டார். அப்படி இரண்டு நோட்டுகள் பறிமுதல் ஆயின. பல ஆண்டுகள் அவை டொனால்ட் கார்ட் என்ற முன்னாள் பாதுகாப்புப் போலீஸ்காரரிடம் இருந்தன. 2004 செப்டம்பரில், நெல்சன் மண்டேலா அறக்கட்டளையின் நினைவு மையம் தொடங்கிய நாளில், அவர் அவற்றை மண்டேலாவின் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். ஓய்வுபெற்ற அதிகாரிகளின் வீட்டு அலமாரிகளில் இன்னும் எவ்வளவு இருக்குமோ! அவர்களும் பிள்ளைகளும் கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்று உரக்கக் கேட்கத்தான் வேண்டும்.

ரிவோனியா வழக்கின் ஒலிப்பதிவை இப்போது கேட்க முடியுமா?

முடியும். ஆனால் அதற்கு ஐம்பது ஆண்டுகள் ஆயின.

ஜோகனஸ்பர்க்குக்கு வடக்கே ரிவோனியாவில் லிலிஸ்லீஃப் என்ற பண்ணை. அங்கே மறைந்திருந்த தலைவர்களை 1963 ஜூலை 11-ல் பிடித்தார்கள். அவர்கள் மீதும் ஏற்கெனவே சிறையில் இருந்த மண்டேலா மீதும் போட்ட நாசவேலை வழக்குதான் ரிவோனியா வழக்கு. 1964 ஏப்ரல் 20-ல் மண்டேலா குற்றவாளிக் கூண்டில் நின்று சுமார் மூன்று மணி நேரம் பேசினார். ஜூன் 12-ல் எட்டுப் பேருக்கு ஆயுள் தண்டனை. அதில் டெனிஸ் கோல்ட்பர்க் மட்டும் வெள்ளையர் என்பதால் ராபன் தீவுக்கு அனுப்பாமல் பிரிட்டோரியா சிறையில் வைத்தார்கள். சிறையிலும் நிறம் பார்த்தார்கள்.

நீதிமன்ற நடவடிக்கை முழுவதும் டிக்டாபெல்ட் என்ற பிளாஸ்டிக் பட்டைகளில் பதிவானது. அலுவலகங்களில் கடிதம் சொல்லி எழுதவைக்கும் கருவிக்கான பட்டை அது, ஊசி அதில் பள்ளம் போட்டு ஒலியைப் பதியும். கருவிகள் வழக்கொழிந்தன. பட்டைகள் தட்டையாக மடிந்து கிடந்து இறுகிவிட்டன. அவற்றைச் சாதாரண முறையில் ஓட்டினால் கீறல் விழுந்து குரலே போய்விடும். கடைசியில் பிரான்ஸின் தேசிய ஒலி-ஒளிக் காப்பகம் அந்த வேலையை எடுத்துக்கொண்டது. ஹென்றி ஷாமூ என்ற பொறியாளர், பழைய மெழுகு உருளைகளுக்காகத் தான் செய்த ஆர்க்கியோஃபோன் கருவியில் பட்டை பட்டையாக ஓட்டி எண்ம வடிவுக்கு மாற்றினார். 200 மணி நேரத்துக்கு மேற்பட்ட ஒலி மீண்டது. வழக்கு ஆவணங்களை யுனெஸ்கோ 2007-லேயே உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்துவிட்டது.

மண்டேலாவின் பேச்சு எழுத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒலிப்பதிவின் அருமை மற்றவர்களின் குரலில் இருக்கிறது. அரசு வக்கீலின் குறுக்கு விசாரணைக்கு சிசுலு நாள்கணக்கில் நின்று பதில் சொன்னதைக் கேட்டால், அந்த வழக்கை ஒற்றை மனிதரின் கதையாக இனிமேல் யாரும் சொல்ல மாட்டார்கள்.

லிலிஸ்லீஃப் பண்ணை பிறகு அருங்காட்சியகமாகி, நிதி நெருக்கடியால் 2021-ல் மூடப்பட்டது. போக நினைப்பவர்கள் திறந்திருக்கிறதா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். எத்தியோப்பியாவில் பரிசாகக் கிடைத்த கைத்துப்பாக்கியை மண்டேலா அந்தப் பண்ணையில் புதைத்தார். எவ்வளவோ தோண்டியும் கிடைக்கவில்லை.

இயக்கம் செய்த தவறுகளும் காப்பகத்தில் இருக்குமா?

இருக்க வேண்டும். ஓரளவு இருக்கிறது.

அங்கோலாவில் ஏ.என்.சி நடத்திய முகாம்களில், குறிப்பாக குவாட்ரோ என்ற தடுப்பு முகாமில், உளவாளி என்ற சந்தேகத்தில் சொந்தத் தோழர்களையே சித்திரவதை செய்தார்கள். இதை இயக்கமே 1990-களின் தொடக்கத்தில் அமைத்த விசாரணைக் குழுக்கள் எழுத்தில் ஒப்புக்கொண்டன. பிறகு உண்மை ஆணையமும் எழுதியது. 1998 அக்டோபரில் ஆணையத்தின் அறிக்கை வெளியாகும் நேரத்தில் ஏ.என்.சி நீதிமன்றம் போய் நிறுத்தப் பார்த்தது, முடியவில்லை. முன்னாள் அதிபர் டி கிளர்க்கும் போனார். அவரைப் பற்றிய பகுதி கறுப்பு மை பூசி வெளியானது.

ஆணையத்தின் கோப்புகளிலேயே முக்கியமான 34 பெட்டிகள் 1999-ல் எங்கே போயின என்று தெரியாமல் இருந்தது. தென்னாப்பிரிக்க வரலாற்றுக் காப்பகத்தினர் தகவல் உரிமைச் சட்டத்தின்படி விடாமல் கேட்டு, வழக்கும் போட்டுத்தான் அவை உளவுத் துறையிடம் இருப்பது வெளியே வந்தது. ஆட்சி மாறினாலும் கோப்பை மறைக்கும் பழக்கம் மாறிவிடுவதில்லை. இந்தக் காப்பகங்களை நான் மதிப்பதற்குக் காரணமே, வென்றவர்களிடமும் இவர்கள் கணக்குக் கேட்டார்கள் என்பதுதான்.

எங்கு பார்த்தாலும் மண்டேலாவும் ஏ.என்.சி-யும்தானே? மற்றவர்கள்?

இந்தக் குறை நியாயமானது. பான் ஆப்பிரிக்க காங்கிரஸ், கறுப்பு உணர்வு இயக்கம் இரண்டுக்கும் கிடைத்த இடம் குறைவு. கறுப்பு உணர்வு இயக்கத் தலைவர் ஸ்டீவ் பைகோவுக்கு அவர் ஊரான கின்ஸ்பர்கில் 2012-ல் ஒரு மையம் வந்தது. சொபுக்வேயின் காகிதங்கள் விட்ஸில் இருக்கின்றன.

பெண்கள் விஷயத்தில் குறை இன்னும் பெரிது. ராபன் தீவில் அரசியல் கைதிகளாக இருந்தவர்கள் ஆண்கள். பெண்களை பார்பர்டன், க்ரூன்ஸ்டாட் போன்ற சிறைகளில் வைத்தார்கள். டோரத்தி ந்யெம்பே 15 ஆண்டு சிறையில் இருந்தவர், அவர் இருந்த சிறைக்குப் படகுச் சுற்றுலா கிடையாது. ஜோகனஸ்பர்க்கில் கான்ஸ்டிடியூஷன் ஹில் வளாகத்தில் இருக்கும் பெண்கள் சிறை மட்டும் ஒரு விதிவிலக்கு, அவசியம் பாருங்கள். அதே வளாகத்தில் பழைய கோட்டைச் சிறையின் விசாரணைக் கைதிகள் கட்டடத்தை இடித்த செங்கல்லால் அரசியலமைப்பு நீதிமன்றம் கட்டியிருக்கிறார்கள்.

தமிழர்களுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு. 1860 நவம்பர் 16-ல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பன் சேர்ந்தது. 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போனார்கள். பெரும்பகுதி சென்னைத் துறைமுகம் வழியாகத்தான்.

தில்லையாடி வள்ளியம்மை ஜோகனஸ்பர்க்கில் பிறந்தவர். 1913-ல் காந்தி நடத்திய எல்லை தாண்டும் போராட்டத்தில் கைதாகி, மாரிட்ஸ்பர்க் சிறையில் நோய் கண்டு, வெளியே வந்து 1914 பிப்ரவரி 22-ல் இறந்தார். வயது பதினாறு. கல்லறை ஜோகனஸ்பர்க்கின் பிராம்ஃபோன்டெய்ன் இடுகாட்டில் இருக்கிறது. தில்லையாடியில் நினைவு மண்டபம் உண்டு.

மொரீஷியஸில் பிறந்த தம்பி நாயுடு ஜோகனஸ்பர்க் தமிழ் நலச் சங்கத்தின் தலைவராக இருந்து காந்தியோடு மீண்டும் மீண்டும் சிறை போனவர். அவருடைய பேரன் இந்த்ரஸ் நாயுடு 1963-ல் நாசவேலை வழக்கில் கைதாகி ராபன் தீவில் பத்து ஆண்டு இருந்தார். பேத்தி சாந்தி நாயுடு 1969-ல் கைதாகி, மண்டேலாவின் மனைவி வின்னி மண்டேலாவுக்கு எதிராகச் சாட்சி சொல்ல மறுத்துத் தனிமைச் சிறையை அனுபவித்தார். ஒரே குடும்பத்தில் மூன்று தலைமுறை. நம் பாடப்புத்தகம் வள்ளியம்மையோடு நிறுத்திக்கொள்கிறது, அதற்கு அப்புறம் நடந்த எண்பது ஆண்டுக் கதையும் நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

என் கொள்ளுத்தாத்தா நேட்டாலுக்குப் போனதாகச் சொல்வார்கள். கண்டுபிடிக்க முடியுமா?

வாய்ப்பு உண்டு. ஒப்பந்தத்தில் போன ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், கப்பல், யாரிடம் வேலை என்பதையெல்லாம் பதிவேட்டில் எழுதினார்கள். அந்தக் கப்பல் பட்டியல்கள் டர்பனில் இருக்கின்றன. விசாரிக்க நல்ல இடம் காந்தி–லுத்துலி ஆவண மையம்.

பெயரை வைத்துத் தேடினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். முனுசாமியை எழுத்தர் தன் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், அதுவும் ஆயிரம் முனுசாமிகள் இருப்பார்கள். ஊர்ப் பெயர், தகப்பன் பெயர், ஏறத்தாழ எந்த ஆண்டு என்ற மூன்றையும் முதலில் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மாவட்டத்தைப் பழைய பெயரில் தேடுங்கள்: வட ஆற்காடு, செங்கல்பட்டு, சித்தூர் என்று. சொந்தச் செலவில் போன வணிகர்களும் மொரீஷியஸ் வழியாகப் போனவர்களும் இந்தப் பட்டியலில் வர மாட்டார்கள்.

சாதிப் பெயர் எழுதியிருப்பதைப் பார்த்துச் சிலர் சங்கடப்படுகிறார்கள். அது ஏற்றிவிட்ட இடத்தில் ஒரு குமாஸ்தா எழுதியது, அதற்குமேல் அதற்கு எடை கொடுக்க வேண்டாம்.

அருங்காட்சியகத்தை மக்களே எதிர்த்த கதை உண்டாமே?

உண்டு. போர்ட் எலிசபெத்தின் நியூ பிரைட்டன் பகுதியில் ரெட் லொகேஷன் என்ற குடியிருப்பு. துருப்பிடித்துச் சிவந்த தகரக் கொட்டகைகளால் வந்த பெயர். அங்கே 2006-ல் ஓர் அழகான அருங்காட்சியகம் கட்டினார்கள். உள்ளே துருப்பிடித்த தகரத்தால் ஆன உயரமான நினைவு அறைகள். கட்டடக்கலைக்குச் சர்வதேச விருதும் கிடைத்தது. சுற்றியிருந்தவர்களின் வீடுகளோ ஒழுகிக்கொண்டிருந்தன. எங்களுக்கு ஒழுங்கான வீடு எங்கே என்று கேட்டு 2013 அக்டோபரில் மக்கள் போராடி மூடவைத்தார்கள். பத்தாண்டுக்கு மேல் மூடியே கிடந்தது, உள்ளே இருந்ததும் களவுபோனது.

மக்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உங்கள் துயரத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க எங்களிடம் பணம் இருக்கிறது, உங்கள் கூரையை மாற்ற இல்லை என்று சொன்னால் யார் பொறுப்பார்கள்?

கேப் டவுனின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் அருங்காட்சியகம் வேறு மாதிரி வளர்ந்தது. 1966-ல் அந்தப் பகுதியை வெள்ளையருக்கென்று அறிவித்து 60,000-க்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றி வீடுகளை இடித்தார்கள். 1994 டிசம்பரில் ஒரு பழைய மெத்தடிஸ்ட் தேவாலயத்தில் அருங்காட்சியகம் திறந்தது. தரையில் பெரிய தெரு வரைபடம். வெளியேற்றப்பட்டவர்களே வந்து, தங்கள் வீடு இருந்த இடத்தில் பெயரை எழுதினார்கள். இடிப்பு வேலையில் இருந்த ஒருவர் தெருப் பெயர்ப் பலகைகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்து கொடுத்தார், அவை இன்று அங்கே தொங்குகின்றன. நிலத்தைத் திரும்பக் கேட்டவர்களின் கூட்டங்களும் அதே கட்டடத்தில் நடந்தன. மக்கள் அதைத் தங்களுடையது என்று நினைப்பதற்கு அதுதான் காரணம்.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டுவிடலாமே?

கொஞ்சம் போட்டிருக்கிறார்கள். டர்பனில் தொடங்கிய டிசா திட்டம் போராட்டக் கால இதழ்களை இலவசமாக ஏற்றியது. அமெரிக்காவிலிருந்து வந்த அலுகா திட்டத்தின் மேல்தான் சண்டை வந்தது: எங்கள் காகிதத்தை ஸ்கேன் எடுத்து வெளிநாட்டுத் தளத்தில் வைத்துச் சந்தா கேட்பதா என்று. ஆப்பிரிக்க நிறுவனங்களுக்கு இலவசம் என்றார்கள். ஆனாலும் கட்டுப்பாடு யார் கையில் என்ற கேள்வி நியாயமானது.

வேறு சிக்கல்களும் உண்டு. ஒரு போலீஸ் கோப்பில் ஒருவரை உளவாளி என்று எழுதியிருந்தால் அது உண்மையாகவும் இருக்கலாம், அவர் பெயரைக் கெடுக்கப் போட்ட பொய்யாகவும் இருக்கலாம். அவர் பேரப்பிள்ளைகள் அதே ஊரில் வாழ்கிறார்கள். யோசித்துத்தான் திறக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த பழைய கடிதங்கள், படங்கள் இருக்கின்றன. என்ன செய்வது?

முதலில், லேமினேட் செய்யாதீர்கள். செலோடேப் ஒட்டாதீர்கள். துருப்பிடித்த குண்டூசி, ஸ்டேப்ளர் கம்பிகளை மெதுவாக எடுத்துவிடுங்கள். படத்தின் பின்னால் யார், எங்கே, எந்த ஆண்டு என்று பென்சிலால் லேசாக எழுதுங்கள், பேனா வேண்டாம். தபால் உறையைக் கடிதத்தோடு சேர்த்தே வையுங்கள், முத்திரையில்தான் தேதி இருக்கும். இருக்கிற வரிசையைக் கலைக்காதீர்கள். பீரோவின் அடித்தட்டும் பரணும் ஈரத்துக்கும் பூச்சிக்கும் பிடித்த இடங்கள், அங்கே வேண்டாம்.

பிறகு, நல்ல தெளிவில் ஸ்கேன் எடுத்து இரண்டு இடங்களில் சேமியுங்கள். கைபேசியில் எடுத்த படம் அவசரத்துக்கு உதவும், அதோடு விட்டுவிட வேண்டாம். வீட்டில் கதை தெரிந்த பெரியவர் இருந்தால் அவரைப் பேசவைத்து ஒலிப்பதிவு செய்யுங்கள், பதிவின் தொடக்கத்திலேயே அவர் பெயர், தேதி, சம்மதம் மூன்றையும் அவர் குரலிலேயே வாங்கிவிடுங்கள். கொடுக்க மனமிருந்தால் டர்பனின் காந்தி–லுத்துலி மையத்துக்கோ 1860 பாரம்பரிய மையத்துக்கோ முதலில் பிரதிகளை அனுப்பி எழுதிப் பாருங்கள். மூலத்தைக் கொடுக்கும்போது, யார் பார்க்கலாம், யார் அச்சிடலாம் என்பதைக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.